பாண்டிக்கு மீன் எண்ணெய் அனுப்பிய பிள்ளைகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள், இன்றைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு வழக்கம்போல வராந்தாவில் முட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பாண்டியின் படத்தைப் போட்டிருந்தேன். வைகைக் கரைப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே ரெண்டு நாள் படுத்துக் கிடந்து, மூன்றாம் நாள் கேட்டுக்கு உள்ளே படுத்துக்கொண்ட குட்டி. ஆறு மாசம் இருக்கும். மூஞ்சியையும் காலையும் பார்த்தால் சிப்பிப்பாறை ரத்தம் கொஞ்சம் ஓடுகிற மாதிரி தெரிகிறது. கண்ணைச் சுற்றி முடி கொட்டி, கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி இருந்தான். முன்னங்காலில் எட்டணாக் காசு அகலத்துக்கு ரெண்டு சொட்டை. "பாவம் பிள்ளைக்கு முடி கொட்டுது" என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அவ்வளவுதான்.

அறுபத்திமூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அதில் நாற்பது பேருக்குக் குறையாமல் ஒரே பதில்: "மீன் எண்ணெய் குடுங்க டீச்சர்." ஒருத்தர்கூட "டாக்டர்கிட்ட காட்டினீங்களா டீச்சர்" என்று கேட்கவில்லை. தப்பு, ஒருத்தி கேட்டாள். 1996-ல் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கிய பிள்ளை. இன்றைக்கும் கேள்வி கேட்கிறாள். நல்லா இருடி தங்கம்.

வியாழக்கிழமை கூரியரில் ரெண்டு பாட்டில் வந்து இறங்கியது. ஒன்று சென்னையிலிருந்து என் மாணவன் அனுப்பியது, இன்னொன்று கோயம்புத்தூரிலிருந்து என் தம்பி மகன். ரெண்டு பேருக்கும் தங்கமான மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதையாகக் கூரியருக்கே நூற்றியிருபது ரூபாய் கொடுத்திருக்கிறான் ஒருத்தன். ஆனால் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் ராணியின் கதையைச் சொல்லியாக வேண்டும். இதுவரைக்கும் நான் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. "வயசாகிப் போயிருச்சு" என்று சொல்லி மழுப்பியிருக்கிறேன். ராணிக்கு வயசு ஐந்துதான்.

ராணி நல்ல செவலை. நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் சோழவந்தான் பக்கம் பழைய பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனபோது சத்துணவு ஆயா சேலை முந்தானையில் சுற்றிக் கொடுத்த குட்டி. முதுகில் கை வைத்தால் எண்ணெய் தேய்த்த மாதிரி வழுக்கும். ஐந்தாவது வருஷம் சித்திரையில் அந்தப் பளபளப்பு போனது. தடவினால் கையோடு முடி வந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். மதுரையில் சித்திரை வெயில் மனுஷனையே உரிக்கிறது, நாயைக் கேட்கவா வேண்டும்?

பக்கத்திலிருந்த ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடை யாருடையது, எந்தத் தெரு என்பதெல்லாம் வேண்டாம், அவன் என்னிடம் படித்தவன். இந்தப் பதிவையும் படிப்பான். "டீச்சர், தோலுக்கும் முடிக்கும் இதுதான் பெஸ்ட்" என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். 650 ரூபாய். "உடனே தெரியாது டீச்சர், ரெண்டு மூணு மாசம் விடாம குடுக்கணும்" என்றான். நானும் விடாமல் கொடுத்தேன். காலையில் ஒரு ஸ்பூன், சோற்றில் பிசைந்து. மாத்திரை சாப்பிட மறக்கிற எங்கள் வீட்டுக்காரர்கூட அதை மறக்கவில்லை. வைகாசியில் கொஞ்சம் மெலிந்தாள். எண்ணெய் இன்னும் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஆனியில் சாப்பாட்டைக் குறைத்தாள். எண்ணெய் வாடை பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். வயிற்றுப் பக்கம் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று நினைத்து மஞ்சள் தடவினேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு "உற்று நோக்கு, காரணம் கேள்" என்று அறிவியல் பாடம் நடத்தியவள் நான்.

ஒரு நாள் விடியற்காலையில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் பதினெட்டாயிரம். நாய்க்கு ரெண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்று ஒரு கிருமி, உண்ணி கடிப்பதால் ரத்தத்தில் ஏறுவது. டாக்டர் அம்மா ரொம்பப் பொறுமையான பிள்ளை, என் மகள் வயசுதான் இருக்கும். "எப்ப இருந்தும்மா முடி கொட்டுது?" என்று கேட்டது. சித்திரையிலிருந்து என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் மாசமே கொண்டு வந்திருந்தா டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள் குடுத்திருப்போம், பெரும்பாலும் எழுந்திருச்சிரும்" என்றது. மாத்திரை விலையைப் பிறகு விசாரித்தேன். மூன்று பாட்டில் எண்ணெய்க்கு நான் கொடுத்த காசில் கால்வாசிகூட ஆகியிருக்காது. ரத்தம் ஏற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் போய்விட்டாள்.

மீன் எண்ணெய் ராணியைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஏதோ வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது என்கிற நிம்மதியை அது எனக்குக் கொடுத்தது. அந்த நிம்மதியில் மூன்று மாசம் போனது. அதனால்தான் எழுதுகிறேன். "சும்மா குடுத்துப் பாருங்க டீச்சர், நல்லதுதானே, கெட்டது ஒண்ணும் செய்யாதே" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "சும்மா"வுக்கு நான் கொடுத்த விலை அது.

இப்போது, எண்ணெய் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. அது மோசடிப் பொருளும் இல்லை. அதில் என்ன இருக்கிறது, யாருக்கு வேலை செய்யும் என்பதை ராணி போன பிறகு தேடித் தேடிப் படித்தேன். வீட்டில் சும்மா இருக்கிற கிழவிக்கு வேறு என்ன வேலை?

மீன் எண்ணெயில் நமக்கு வேண்டியது ரெண்டு கொழுப்பு அமிலங்கள். இ.பி.ஏ. ஒன்று, டி.ஹெச்.ஏ. ஒன்று. ரெண்டும் ஒமேகா-3 குடும்பம். உடம்பில் அழற்சி, அதாவது சிவந்து வீங்கி அரிக்கிற அந்த நெருப்பு, எரிவதற்குத் தேவையான சில பொருட்களை இவை குறைக்கின்றன. அதனால் ஒவ்வாமையால் அரிக்கிற நாய்க்கு, மூட்டு வாதம் வந்த கிழட்டு நாய்க்கு, சில சிறுநீரக நோய்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒவ்வாமை நாய்க்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்துக்கொள்ளவும் இது கைகொடுக்கிறது. இதெல்லாம் உண்மை. முழுப் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதும் உண்மை. கடைக்காரப் பையன் அந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஆனால் என்ன நோய் என்று தெரியாத நாய்க்குப் பன்னிரண்டு வாரம் காத்திருப்பது என்பது, குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது சத்துமாவு கரைத்துக் கொடுத்துவிட்டு மூன்று மாசம் பார்ப்போம் என்று உட்கார்வது மாதிரி.

உண்ணியை இந்த எண்ணெய் கொல்லாது. தெள்ளுப்பூச்சியைக் கொல்லாது. சொறி உண்டாக்குகிற சிற்றுண்ணி தோலுக்குள் குழி பறித்துக்கொண்டு இருக்கும், அதையும் ஒன்றும் செய்யாது. படர்தாமரைப் பூஞ்சை, தைராய்டு குறைவு, எதற்கும் இது மருந்து இல்லை. நம் மதுரைச் சீமையில் நாய்க்கு முடி கொட்டினால் முதல் சந்தேகம் இந்தப் பூச்சிகள் மேல்தான் போக வேண்டும். வருஷம் முழுக்க வெப்பம். சுவர் வெடிப்பிலும் தாழ்வாரத்து இடுக்கிலும் உண்ணி ஏறிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கிறது. நாயின் மேல் இருப்பதைக் கையால் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு நாம் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறோம். அது பத்தில் ஒன்று. மீதி நம் சுவருக்குள் இருக்கிறது.

சரி, கணக்கு நோட்டை எடுங்கள். அளவு விஷயத்துக்கு வருவோம். எண்ணெய்தான் வேண்டும் என்று டாக்டரே சொன்னாலும், எவ்வளவு?

நாயின் எடையை அப்படியே வைத்துக் கணக்குப் போடுவதில்லை. எடையை எடையால் மூன்று தடவை பெருக்கு, வருகிற எண்ணுக்கு வர்க்கமூலம் எடு, அந்த வர்க்கமூலத்துக்கு இன்னொரு வர்க்கமூலம் எடு. ராணி 16 கிலோ. 16 பெருக்கல் 16 பெருக்கல் 16, 4096. அதன் வர்க்கமூலம் 64. அதன் வர்க்கமூலம் 8. பார்த்தீர்களா, எவ்வளவு அழகாக வந்துவிட்டது! ஒரு கிலோ குட்டிக்கு இந்த எண் 1. அதாவது எடை பதினாறு மடங்கு கூடினாலும் தேவை எட்டு மடங்குதான் கூடும். ஒவ்வாமைத் தோலுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவு இந்த எண்ணை 125-ஆல் பெருக்கி வருகிற மில்லிகிராம். ராணி மாதிரி நாய்க்கு 8 பெருக்கல் 125, ஆயிரம் மில்லிகிராம். இ.பி.ஏ.யும் டி.ஹெச்.ஏ.யும் சேர்ந்து ஆயிரம். எண்ணெய் ஆயிரம் இல்லை, கவனம்! அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2006-ல் நாய் பூனை உணவுக்கென்று போட்ட புத்தகத்தில் பாதுகாப்பான உச்ச வரம்பு இதே எண்ணை 370-ஆல் பெருக்கி வருவது. ராணிக்கு 2960. அதைத் தாண்டக் கூடாது.

இனி பாட்டிலைப் பார்ப்போம். ராணிக்கு வாங்கிய காலிப் பாட்டில் ஒன்று அலமாரியில் கிடந்தது, எடுத்துப் படித்தேன். முன்பக்கம் தங்க எழுத்தில் "ஒமேகா 3, 6, 9". பின்பக்கம், லென்ஸ் வைத்துப் படிக்கிற எழுத்தில், 5 மில்லியில் இ.பி.ஏ. 90, டி.ஹெச்.ஏ. 60. கூட்டினால் 150 மில்லிகிராம். நான் தினம் கொடுத்தது அந்த 150-தான். ஆயிரம் வர வேண்டுமென்றால் நாளுக்கு 33 மில்லி ஊற்றியிருக்க வேண்டும். 200 மில்லி பாட்டில் ஆறு நாளில் காலி. மாசத்துக்கு ஐந்து பாட்டில், 3250 ரூபாய். அது மட்டுமா? 33 மில்லி எண்ணெய் என்பது ஏறக்குறைய முப்பது கிராம் கொழுப்பு, 270 கலோரி. பதினாறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியதே தொள்ளாயிரம் சொச்சம்தான். மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகவே போனால் வயிற்றால் போகும், கணையம் வீங்கும். ஆகக்கூடி, பாட்டில் சொன்ன அளவில் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை, பிரயோஜனப்படுகிற அளவில் அந்தப் பாட்டிலைக் கொடுக்க முடியாது.

மெடிக்கலில் மனுஷருக்கு விற்கிற சாதாரண 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் 180-ம் 120-ம் சேர்த்து 300 இருக்கும். அதுவே மேல். "1000" என்று அட்டையில் போட்டிருப்பது எண்ணெயின் எடை. நம்மில் எத்தனை பேர் அந்த ஆயிரத்தைப் பார்த்து ஏமாந்திருப்போம்! ஒமேகா-6, 9 என்று சேர்த்துக்கொள்வதெல்லாம் சோற்றில் இருக்கிற எண்ணெயிலேயே கிடைப்பது. அதைத் தங்க எழுத்தில் போட்டுக் காசு வாங்குகிறார்கள்.

இன்னொரு குழப்பம். நாற்பது வயசைத் தாண்டிய என் மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மஞ்சளாக, அமுக்கினால் நெகிழ்கிற மீன் எண்ணெய் மாத்திரை. ஒல்லிக்குச்சிப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாமார் வாங்கிக் கொடுத்தது. மணிமணியாக இருப்பதால் கோலி விளையாடிய பயல்களும் உண்டு, பெயரைச் சொல்லட்டுமா? அது பெரும்பாலும் காட் என்கிற மீனின் ஈரல் எண்ணெய். மீன் உடம்பு எண்ணெய் வேறு, ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி ரெண்டும் குவிந்திருக்கும். இ.பி.ஏ. ஆயிரம் வரட்டும் என்று ஈரல் எண்ணெயை ஊற்றினால் வைட்டமின் நஞ்சாகிவிடும். தினம் ஆட்டு ஈரலும் போட்டு, இதையும் ஊற்றுகிற வீடுகள் உண்டு. வேண்டாம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்த ஈரல் எண்ணெயின் மகிமையைச் சோதித்துக் காட்டியதில் நாய்க்குட்டிகளுக்கும் பங்கு உண்டு. 1919 வாக்கில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளை வெயில் படாமல் வீட்டுக்குள் வைத்துக் கஞ்சி மாதிரியான உணவு மட்டும் கொடுத்தார். கால் வளைந்து கணை நோய் வந்தது. காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தார், சரியானது. எண்ணெயில் உள்ள வைட்டமின் ஏ-தான் காரணமோ என்று அவர் நினைத்தார். 1922-ல் அமெரிக்காவின் மெக்கலம் என்பவர் அந்த எண்ணெயில் ஏ-யை அழித்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தார், அப்போதும் கணை நோய் குணமானது. அப்படித்தான் வைட்டமின் டி கண்டுபிடிக்கப்பட்டது. குணமாகிறது என்று தெரிந்த பிறகும், எதனால் குணமாகிறது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள். நாம் எதற்குக் கொடுக்கிறோம் என்றே கேட்காமல் கொடுக்கிறோம்.

நம் ஊரிலும் மீன் எண்ணெய் புதுசு இல்லை. பழைய சென்னை மாகாணத்தின் மலபார்க் கரையில் மத்தி மீன் ஏராளமாகப் பட்டால் வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். படகு மரத்துக்குப் பூச, தோல் பதனிட என்று போகும், சக்கை உரமாகும். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுக் காட் எண்ணெய்க் கப்பல் வராமல் போனபோது கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது மாகாண அரசு. அதே மத்தி இன்றைக்குக் கரிமேட்டிலும் நெல்பேட்டையிலும் ஐஸில் கிடக்கிறது. நூறு கிராம் மத்தியில் சுமார் ஒரு கிராம் இந்த இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. இருக்கும், பருவத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றில் பிசைந்தால் எண்ணெயோடு நல்ல புரதமும் சேர்ந்து வருகிறது. பச்சையாகப் போடக் கூடாது.

புரதம் என்றதும் என் சொந்தக்காரர்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. மதினி, கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டு நாய் பிறந்ததிலிருந்து தயிர்ச்சோறு. "எங்க வீட்டு நாயும் சைவம்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். அது உங்கள் நம்பிக்கை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் முட்டை வீட்டுக்குள் வரக் கூடாது, மீன் எண்ணெய் மாத்திரை மட்டும் வரலாமா? கேட்டால் "அது மருந்து" என்கிறீர்கள்! முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். நாய் ஒரு நாளைக்குச் சாப்பிடுகிற புரதத்தில் கால் பங்குக்கு மேல் தோலுக்கும் முடிக்குமே போகிறது என்கிறார்கள். தயிர்ச்சோற்றில் அது எங்கிருந்து வரும்? கல்லும் மணலும் இல்லாமல் சுவர் எழுப்பிவிட்டு, மேலே சுண்ணாம்பு அடித்தால் பளபளக்கும் என்கிற கதை. ஒரு முட்டை வேகவைத்துப் போடுங்கள், முடியாது என்றால் தயிரையும் பனீரையும் கூட்டி, வேகவைத்த பருப்பும் சேர்த்து, டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

பளபளப்புக்கு ஒமேகா-3-ஐவிட லினோலிக் என்கிற ஒமேகா-6 அமிலம்தான் முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1929-ல் பர் என்ற கணவன் மனைவி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது. லினோலிக் அமிலம் கொடுத்ததும் சரியானது. நாய்க்கும் அதே கதைதான். அந்த அமிலம் நம் நல்லெண்ணெயில் பத்தில் நாலு பங்கு இருக்கிறது, சூரியகாந்தி எண்ணெயில் அதைவிடக் கூட. தேங்காய் எண்ணெயில் சொல்லிக்கொள்கிற அளவு கிடையாது, ஆனால் அதைத்தான் எல்லோரும் தடவவும் கொடுக்கவும் சொல்கிறீர்கள். நோய் ஒன்றும் இல்லாமல் வெறும் சோற்றைத் தின்று முடி மங்கிய நாய்க்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயே போதும். கூரியர் செலவு இல்லை.

ஆளிவிதை எண்ணெய் சைவம்தானே, அதைக் கொடுக்கலாமா என்று சம்பந்தி அம்மா கேட்டிருந்தார்கள். அதில் இருக்கிற ஒமேகா-3 வேறு வடிவம். நாயின் உடம்பு அதை இ.பி.ஏ.யாக மாற்றுவது ரொம்பக் கொஞ்சம். அரிப்புக்கு அதை நம்ப முடியாது.

இன்னொன்று, வெயில். மீன் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப் போகிற சாதி. காற்றும் சூடும் பட்டால் காறிவிடும். நாற்பது டிகிரியில் கடை அலமாரியில் நின்று, கூரியர் வண்டியில் வெந்து, நம் அடுப்படியில் மூடி திறந்து கிடந்தால் அது எண்ணெயாகவா இருக்கும்? தம்பி மகன் அனுப்பிய பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாட்டுக் கூடை. நல்ல மீன் எண்ணெயில் லேசான மீன் வாடைதான் வரும். காறிய வாடை வந்தால் கீழே ஊற்றுங்கள். வாங்கினால் சின்னப் பாட்டிலாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். அறுவை சிகிச்சைக்குப் போகிற நாய், ரத்தத் தட்டணு குறைந்த நாய் என்றால் இந்த எண்ணெய் கொடுப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கூடுதலானால் ரத்தம் உறைவதைக் குறைக்கக் கூடியது.

அப்புறம் இந்தப் பளபளப்பு ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையில் இருக்கிற நாய்க்கு ஒரு முழம் முடி, தங்க நிறம். அந்த நாய் பனி பெய்கிற சீமைக்குப் பிறந்தது. அதைக் கொண்டுவந்து அண்ணாநகர் மாடி வீட்டில் வைத்துவிட்டு, "முடி கொட்டுது டீச்சர்" என்றால், கொட்டாமல் என்ன செய்யும்? நம் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் கட்டை முடிதான். இந்த வெயிலுக்கு அதுதான் சட்டை. 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கும் ஒன்று போட்டது. அந்தத் தபால்தலை நாய் பளபளவென்றா இருக்கிறது? நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது, அது போதும்.

கடை வைத்திருக்கிற என் மாணவனுக்கு. தம்பி, நீ படிப்பாய் என்று தெரியும். உன் மேல் வழக்குப் போட இதை எழுதவில்லை. நீ மருந்துக்குப் படித்தவன் இல்லை, நானும் இல்லை. உன்னிடம் நம்பி வந்து கேட்டேன், நீயும் உன் கம்பெனிக்காரன் சொன்னதை நம்பி எடுத்துக் கொடுத்தாய். விற்காதே என்றும் சொல்லவில்லை, உனக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அடுத்த தடவை ஒரு கிழவி வந்து "முடி கொட்டுது" என்றால், பாட்டிலில் கை வைப்பதற்கு முன்னால் மூன்றே மூன்று கேள்வி கேள். உண்ணி இருக்கிறதா? சாப்பிடுகிறதா? டாக்டர் பார்த்தாரா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், அரசு கால்நடை மருத்துவமனைக்கு வழி சொல்லி அனுப்பு. பாட்டிலை அப்புறம் விற்றுக்கொள். பயந்துகொண்டு வணக்கம் வைக்காமல் ஒளிய வேண்டாம், நாலு மாசமாக என்னைப் பார்த்தால் தெருவைத் தாண்டிப் போகிறாய், எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வா, காபி குடித்துவிட்டுப் போ.

பாண்டியின் கதையைச் சொல்லாமல் விட்டால் தூங்க மாட்டீர்கள். படத்தைப் போட்ட மறுநாள் திங்கட்கிழமை வெள்ளனாவே தூக்கிக்கொண்டு போய்விட்டோம். அந்தச் சொட்டையில் ஒரு பிளேடை வைத்து லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அஞ்சு நிமிஷ வேலை. "டீச்சர், நீங்களே பாருங்க" என்று டாக்டர் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். சுருட்டு மாதிரி நீளமாக, முன்பக்கம் குட்டிக் குட்டிக் கால்களோடு ஒன்று. டெமோடெக்ஸ் என்று பேர். முடி வேர்க்குழிக்குள் குடியிருக்கிற சிற்றுண்ணி, எதிர்ப்புச் சக்தி முதிராத குட்டிகளுக்கு இப்படித்தான் கண்ணைச் சுற்றித் தொடங்குமாம். இது மனுஷருக்கு ஒட்டாது. இன்னொரு சொறி இருக்கிறது, அது நாயிடமிருந்து பிள்ளைகளுக்கும் வந்து அரிக்கும், அதனால் எந்தச் சொறி என்று பார்த்துத் தெரிந்துகொள்வது வீட்டுக்கும் நல்லது என்றார். எடைக்குத் தகுந்த மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், பூச்சி மாத்திரையும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி நானே கேட்டேன். இல்லை என்று வந்தது. அந்தச் சீட்டை நாலு தடவை வாசித்தேன்.

மாணவன் அனுப்பிய நல்ல பாட்டிலை என்ன செய்தேன் என்று கேட்பாய் அல்லவா, எங்கள் தெருக்கோடி வங்கி மேனேஜர் வீட்டு லாப்ரடாருக்கு ஒவ்வாமை, டாக்டரே எண்ணெய் எழுதிக் கொடுத்திருக்கிறார். அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டுக்காரம்மா வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலம் என்றதும் முழித்தார்கள். அவர்கள் வேறு டீச்சரிடம் படித்தவர்கள்.

பாண்டிக்கு இன்னும் மூன்று வாரம் கழித்து மறுபடி சுரண்டிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் படம் போடுகிறேன். இப்போது என் இடது கால் செருப்பைக் காணோம், கட்டிலுக்கு அடியில் கடிக்கிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

– உங்கள் டீச்சர்